கேட்கிற நாற்காலி

வெடி என்று பட்டப்பெயர் வாங்கியவனுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருந்தது என்று ஊரார் சொல்வது மரியாதைக்காக. உண்மையில் அது அவன் கையில் இருந்தது. பட்டறைக் கதவில் உளி பாய்ந்த தழும்புகள், சுவரில் சுத்தியல் கொத்திய பள்ளங்கள், தம்பியின் நெற்றியில் ஒரு தையல். தம்பியும் லேசுப்பட்டவன் இல்லை. வெடியின் முன்பல் பாதியாக நிற்பதற்கு அவன் விட்டெறிந்த இரும்புக் கிளாம்புதான் காரணம். அடித்துக்கொள்வார்கள், ரத்தத்தைத் துடைத்துக்கொள்வார்கள், ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிடுவார்கள். வெடியின் மனைவி பஞ்சையும் மருந்தையும் உப்பு ஜாடிக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தாள்.

வெடிக்கு ஒரு நிரந்தரப் புகார் உண்டு. இந்த வீட்டில் எல்லாரும் முணுமுணுக்கிறார்கள். "வாயைத் திறந்து பேசித் தொலைங்களேன்டா!" என்று கத்துவான். பாதிச் சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும்.

தம்பிக்குப் பூனை என்று பெயர் வைத்ததும் அவன்தான். பக்கத்து அறையில் ஏதாவது கீழே விழுந்தால், விழுந்தது ஊசியா ஆணியா என்று தம்பி சொல்லிவிடுவான். அப்படி ஒரு காது.

அண்ணன் தம்பி இருவரும் செய்தது ஸ்பீக்கர் பெட்டி. வாங்க வருகிறவர்கள் மரத்தைத் தடவிப் பார்த்து, மெருகைப் பாராட்டி, தலையாட்டிவிட்டுப் போவார்கள். பெட்டியின் உயிர் உள்ளே, பின்பலகையில் திருகியிருக்கும் கிராஸ்ஓவரில் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. பார்த்தால் குப்பை மாதிரிதான் இருக்கும். ஒரு செம்புக் கம்பிச் சுருள், ஒரு கெப்பாசிட்டர், ஒரு ரெசிஸ்டர். வருகிற பாட்டைப் பிரித்து, கனத்த சத்தத்தைப் பெரிய வூஃபருக்கும் மெல்லிய சத்தத்தைச் சின்ன ட்வீட்டருக்கும் அனுப்புவது அதுதான். பாடுகிறவளின் குரல் பாதி இதில் வரும், பாதி அதில் வரும். கிராஸ்ஓவர் சரியாக அமைந்தால் ஒருத்தி பாடுவாள். பிசகினால் அவளை இடுப்போடு அறுத்துத் தனித்தனியாகக் கத்தவிட்ட மாதிரி இருக்கும்.

அதை அமைக்க இரண்டு பேர் வேண்டும். வெடி பெட்டிக்குப் பின்னால், ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கிற பற்றுக்கோலோடு குந்தியிருப்பான். பூனை எதிரே ஒரு மர நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவான். கையை உயர்த்தினால் கூட்டு, தாழ்த்தினால் குறை. ட்வீட்டரின் கொட்டத்தை அடக்குகிற ரெசிஸ்டரை மட்டும் கடைசியில் வெடியே முடிவு செய்வான். அதில் தம்பி வாயைத் திறக்கக் கூடாது. பட்டறை அண்ணன் பட்டறை, கடைசிச் சொல்லும் அண்ணன் சொல்.

இதெல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, மண்டபக்காரர் பெட்டி எடுக்க வந்த நாள் வரை.

அவர் புதிதாகக் கட்டிய மண்டபத்துக்கு ஆளுயரத்தில் ஒரு ஜோடி சொல்லியிருந்தார். பூனை திருகாணி வாங்கக் கடைக்குப் போயிருந்தான். ஒரு கம்பி தளர்ந்திருக்கிறதோ என்று வெடி பின்பலகையைக் கழற்றினான். உள்ளே அவன் வைக்காத ரெசிஸ்டர் இருந்தது. அவன் பற்று வைத்தால் ஈயம் குண்டாக உருளும். இது தட்டையாக, பளபளவென்று இருந்தது. தம்பியின் பற்று.

இன்னொரு பெட்டியைக் கழற்றினான். அதிலும் அதே. பரணில் பழுதுக்கு வந்திருந்த பழைய பெட்டியை இறக்கி உடைத்துத் திறந்தான். அதிலும்.

"திருட்டு நாயே" என்றான் வெடி, ஆளில்லாத அறையில். எத்தனை காலமாக! காதும் காதும் வைத்த மாதிரி, அண்ணன் முதுகுக்குப் பின்னால், அண்ணன் வேலையைத் திருத்தியிருக்கிறான். ஊரெல்லாம் புகழ்ந்த பெட்டிகளில் ஒன்றுகூடத் தன்னுடையது இல்லை என்ற நினைப்பு நெஞ்சில் அமிலம் ஊற்றியது. ரெசிஸ்டர்களைப் பிடுங்கி மூலையில் கிடந்த மரச்சுருள் குப்பையில் எறிந்தான். தன்னுடையவற்றைப் பற்றுவைத்தான். பாட்டைப் போட்டுப் பார்த்தான். அவன் காதுக்கு அமுதமாக இருந்தது.

அப்போதுதான் மண்டபக்காரர் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பாடகி வாயெடுத்ததும் அவர் முகம் கோணியது.

"என்னப்பா இது? தகரத்தை நகத்தால கீறுற மாதிரி இருக்கு. போன தடவை வந்து கேட்டப்ப அவ்வளவு நல்லா இருந்துதே!"

வாசலில் திருகாணிப் பொட்டலத்தோடு நின்ற பூனை ஒரே நொடியில் எல்லாவற்றையும் புரிந்துகொண்டான்.

"அண்ணே, அதைக் கழட்டுண்ணே. நான் போட்டதைத் திரும்பப் போட்டுடு" என்றான், மெதுவாக.

"முணுமுணுக்காதேடா!"

பொட்டலம் சிதறியது. வெடியின் முதல் குத்து தம்பியின் வாயில் விழுந்தது, இரண்டாவது விலாவில். பூனை பணிந்து போகிறவன் இல்லையே. தலையை அண்ணன் வயிற்றில் முட்டி மேசையோடு சாய்த்தான். மேசையிலிருந்த பற்றுக்கோல் வெடியின் முழங்கையைச் சுட்டது. தோல் கருகிய நாற்றத்தில் வெடிக்கு மிச்சமிருந்த நிதானமும் போயிற்று. கைக்குக் கிடைத்த தேக்குச் சட்டத்தை வீசினான். அது பூனையின் தோளில் பட்டு முறிந்தது. பூனை அவன் கையைக் கடித்துச் சதையைத் துப்பினான். மண்டபக்காரர் சுவரோரமாக நகர்ந்து, ஓடவும் வழியில்லாமல் நின்றார். பாடகி மட்டும் கீச்சிட்டுப் பாடிக்கொண்டே இருந்தாள்.

"என் சோத்தைத் தின்னுட்டு எனக்கே பாடம் எடுக்கறியாடா?"

"பாடம் இல்லண்ணே... உன் மானத்தை..."

முடிக்கவில்லை. வெடி உள்ளங்கையைக் குழித்து, தோள்பட்டையிலிருந்து முழுப் பலத்தையும் இறக்கி, செவிட்டில் ஒன்று விட்டான்.

பூனை கத்தவில்லை. உட்கார்ந்தான். காதுக்குள்ளிருந்து ஒரு கோடு ரத்தம் கழுத்துக்கு இறங்கியது. எதையோ தேடுகிறவன் போலத் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினான்.

சமையலறையிலிருந்து ஓடிவந்த வெடியின் மனைவி கீழே கிடந்த மரச்சுத்தியலை எடுத்துக் கணவனின் முழங்காலில் ஓங்கிப் போட்டாள். அவன் மண்டியிட்டு விழுந்தான். கல்யாணமான நாளிலிருந்து 'நீங்க' என்று பேசியவள் அன்றுதான் 'நீ' போட்டாள்.

"எங்கே அடிச்சே? காதுலயா அடிச்சே? அடப்பாவி, இந்த வீட்ல இருந்ததே அந்த ஒரு ஜோடிக் காதுதானேய்யா!"

"என்னடி உளர்றே?"

"உனக்குக் காது போயி எவ்வளவோ காலமாச்சு. அந்த ரம்ப மெஷின் தின்னுடுச்சு. குக்கர் விசில் கேக்காது, குழாய் ஒழுகறது கேக்காது, என் வாயைப் பாத்துத்தான் நான் பேசறதே உனக்குப் புரியுது. நாங்க யாரும் முணுமுணுக்கலைய்யா!"

வெடி சிரிக்கப் பார்த்தான். அவள் நேரே போய்த் திறந்திருந்த பெட்டிக்குள் கைவிட்டு வூஃபருக்குப் போகும் கம்பியைப் பிடுங்கினாள். இன்னொரு பெட்டியிலும் பிடுங்கினாள். அப்புறம் சத்தம் கூட்டுகிற குமிழைக் கடைசி வரை திருகினாள்.

மண்டபக்காரர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குனிந்தார். அவளும் பொத்திக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. வெடிக்கு ஒன்றும் கேட்கவில்லை. தவழ்ந்து போய் ட்வீட்டரில் காதை ஒட்டவைத்தான். விரலால் தொட்டான். விரல் நுனியில் அது துடித்தது. காதில் இல்லை.

அவன் கேட்காத அந்தச் சத்தத்தைத்தான் தம்பி ஒவ்வொரு பெட்டியிலும் அடக்கியிருக்கிறான். தனக்குக் கேட்கவில்லையே என்று வெடி ட்வீட்டரைத் திறந்துவிட்டுக்கொண்டே போயிருக்கிறான். அண்ணனுக்குக் காது போய்விட்டது என்று ஊர் சிரிக்கக் கூடாதே என்று, அண்ணன் தூங்கப் போன மத்தியானங்களில் தம்பி உட்கார்ந்து திருத்தியிருக்கிறான். வெடிக்கு வெட்கமாக இருந்தது. சாகலாம் போல வெட்கமாக இருந்தது.

செவிப்பறை கிழிந்துவிட்டது, உள்ளேயும் அடி, ஒரு பக்கம் இனிக் காது கேட்பது சந்தேகம் என்றார் மருத்துவர். வீக்கம் வடிகிற வரை பூனை அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. வெடி பட்டறைத் தரையில் மண்டியிட்டு, ரத்தம் காய்ந்த மரச்சுருள்களைப் பிடிபிடியாக அள்ளிச் சலித்து, தான் எறிந்த ரெசிஸ்டர்களைத் தேடி எடுத்தான். அவற்றை அதே இடத்தில் பற்றுவைத்தான். தன் காதால் கேட்டுப் பார்க்கவில்லை. மண்டபத்தில் பாடகி ஒருத்தியாகவே பாடினாள் என்று மண்டபக்காரர் சொல்லியனுப்பினார்.

அடுத்த ஜோடிக்கு அப்படித் தேடி எடுக்க எதுவும் இல்லை.

பூனை தானாகவே வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். நல்ல காது பெட்டியைப் பார்க்கும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டான். வெடி பின்னால் குந்தினான். பாட்டு ஓடியது. பூனையின் கை உயர்ந்தது, தாழ்ந்தது, மறுபடி உயர்ந்தது. அப்புறம் மடியில் விழுந்தது.

"என்னடா?" என்றான் வெடி, அவன் வாயையே பார்த்துக்கொண்டு.

"ஒரே விசில்ண்ணே. அன்னிக்கு ஆரம்பிச்சது நிக்கவே இல்ல. பொட்டியில இருந்து வருதா, என் தலைக்குள்ள இருந்து வருதான்னு தெரியல." கண்ணைத் திறக்காமலே கேட்டான். "உனக்குக் கேக்குதா?"

வெடி பற்றுக்கோலைக் கீழே வைத்தான். எழுந்து நாற்காலியருகே வந்து, அடிபட்ட காதைத் தொடலாம் என்று கையைத் தூக்கினான்.

நிழல் முகத்தில் விழுந்ததும் பூனை கண்ணைத் திறந்தான். இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு நாற்காலியோடு சுருண்டான். அண்ணன் தம்பி இத்தனை வருஷம் அடித்துக்கொண்டதில் அவன் பயந்து வெடி பார்த்ததே இல்லை.

"அடிக்கலடா" என்றான் வெடி. "அடிக்க வரலடா."

பூனைக்கு அது கேட்கவில்லை. அடிபட்ட காதுப் பக்கம் நின்றுதான் அண்ணன் சொல்லியிருந்தான்.