பெட்டிக்கும் அவருக்கும் ஒரே இடம்

விமான நிலைய வாசலில் வேன் நின்றதும் பெட்டிக்காரர் முதலில் தன் இடது காலைத்தான் தேடினார். வழி முழுக்கப் பெட்டிக்கு அடியில் மடங்கிக் கிடந்ததில் அது மரத்துப் போயிருந்தது. தொடையில் நாலு தட்டுத் தட்டி உயிர் வரவழைத்துக்கொண்டு இறங்கினார். பின்கதவைத் திறந்து, பெட்டியை நெஞ்சோடு அணைத்து, குழந்தையை இறக்குவதுபோல் இறக்கினார். ஆள் உயரம் இருக்கும் கறுப்புப் பெட்டி. உள்ளே இருந்தது செல்லோ. பார்ப்பதற்கு வயலினுக்கு அண்ணன் மாதிரி இருக்கும்; உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கிற வாத்தியம்.

வாசிக்கிறவர் செல்லோ சார். தூக்குகிறவர் இவர். வாத்தியக் குழுவில் சேர்ந்த நாளிலிருந்து எல்லாருக்கும் இவர் பெட்டிக்காரர்தான். அம்மா அப்பா வைத்த பெயர் சம்பளம் வாங்கும்போது கையெழுத்தில் மட்டும் வந்து போகும். வேனில் கடைசி வரிசையில் பெட்டிக்கு ஒரு இடம் உண்டு. அந்த இடத்தின் நுனியில் ஒரு பக்கத்து இடுப்பை மட்டும் வைத்து, ஒரு கையால் பெட்டியை அணைத்தபடி இவர் வருவார். வளைவு வந்தால் கை தானாக இறுகும். தூங்கும்போதும் இறுகும். வேன் பேசுகிற மேனேஜர் ஆட்களை எண்ணும்போது, பெட்டியையும் பெட்டிக்காரரையும் சேர்த்து ஒன்று என்றே எண்ணுவார். இத்தனை வருஷத்தில் அதில் தப்பு வந்ததில்லை.

முந்தின நாள் ஒரு ஓட்டல் திறப்பு விழாவில் வாசித்திருந்தார்கள். தட்டும் கையுமாக நின்றவர்கள் யாரும் மேடைப் பக்கம் திரும்பவில்லை. இன்று சாயங்காலம் சொந்த ஊரில் ஒரு கம்பெனி விழா. வேனில் போனால் நாளைக்குத்தான் போய்ச் சேர முடியும் என்பதால், கம்பெனியே எல்லாருக்கும் விமான டிக்கெட் எடுத்துக் கொடுக்க ஒத்துக்கொண்டது. அதைக் கேட்டபோது குழுவில் யாருக்கும் பெரிய சந்தோஷம் வரவில்லை, எல்லாருக்கும் தூக்கம்தான் வந்தது. பெட்டிக்காரருக்கு மட்டும் வயிற்றில் பால் வார்த்தது மாதிரி இருந்தது.

காரணம் அவர் மனைவி. பித்தப்பையில் கல். மாதக்கணக்காக வலியில் சுருண்டு, ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்து, இப்போதுதான் முறை வந்திருந்தது. இன்று மாலை நாலு மணிக்குள் சேர வேண்டும், நாளை காலையில் ஆபரேஷன். ஆனால் கூட இருக்க வீட்டு ஆள் வேண்டும் என்று நர்ஸ் கறாராகச் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரி துணைக்கு வந்திருந்தாள். அவளைக் கணக்கில் சேர்க்க மாட்டார்களாம். விமானம் மத்தியானம் இறங்கிவிடும். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொஞ்ச நேரம்தான்.

"எனக்கு ஜன்னல் ஓரமாம்" என்று நேற்று மனைவியிடம் போனில் சொல்லியிருந்தார். அதைச் சொன்னது மேனேஜர்தான். பெட்டியை ஜன்னல் ஓரமாகத்தான் வைக்கவேண்டும் என்று விமானக் கம்பெனியில் சொன்னார்களாம், அதனால் ஜன்னல் ஓரமாகவே எடுத்திருப்பதாகச் சொன்னார். பெட்டிக்கு ஜன்னல் என்றால் பக்கத்தில் தனக்கு என்றுதான் இவர் எடுத்துக்கொண்டார். மனைவியிடம் சொல்லும்போது கொஞ்சம் மாற்றிச் சொன்னார். முதல் தடவை விமானம் ஏறுகிற மனுஷன், அந்த அளவுக்குக்கூடப் பெருமை அடித்துக்கொள்ளக் கூடாதா?

தள்ளுவண்டியில் பெட்டி நிற்காது. ஒரு சக்கரம் வேறு பக்கவாட்டில் இழுத்தது. அதனால் வண்டியில் மற்றவர்களின் பைகளை அடுக்கிவிட்டு, பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டே வரிசையில் நின்றார். வரிசை நத்தை மாதிரி நகர்ந்தது. முன்னால் நின்ற ஒரு குழந்தை பெட்டியைத் தொட்டுப் பார்த்து, உள்ளே யார் என்று கேட்டது. "எங்க முதலாளி" என்றார் பெட்டிக்காரர். வயலின் வாசிக்கிற பெண் அதைக் கேட்டுச் சிரித்தாள். அன்று காலையில் அந்தக் குழுவில் யாராவது சிரித்தது அது ஒரு தடவைதான்.

கவுண்டரில் இருந்த பெண்ணின் கண்ணிலும் தூக்கம் இருந்தது. ஒவ்வொருவரின் அடையாள அட்டையாக வாங்கி, சீட்டுகளை அச்சடித்துக் கொடுத்துக்கொண்டே வந்தவள், கடைசியில் பெட்டிக்காரரைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள்.

"இதுக்கு டிக்கெட் எங்க?"

மேனேஜர் முன்னால் வந்தார். இவருடைய டிக்கெட்தான், இவரும் பெட்டியும் சேர்ந்துதான் என்று விளக்கினார். வேனில் எப்படி வருவார்கள் என்றுகூடச் சொன்னார். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். விமானத்தில் ஒரு இடத்தில் ஒன்றுதான் உட்காரும் என்றாள். இடம் இவர் பெயரில் இருக்கிறது, இவர் தாராளமாகப் போகலாம், பெட்டியைச் சாமான்களோடு அடியில் போட்டுவிடலாம் என்றாள். இன்னொரு இடம் வேண்டுமென்றால் இந்த விமானத்தில் இல்லை, இன்றைக்கு வேறு விமானமும் இல்லை.

மேனேஜர் நெற்றியில் அடித்துக்கொண்டார். டிக்கெட் எடுக்கும்போதும் பழக்க தோஷத்தில் இருவரையும் ஒன்று என்றே எண்ணிவிட்டிருந்தார்.

அடியில் போடுவது என்ற வார்த்தையைக் கேட்டதுமே செல்லோ சாரின் முகம் செத்துப் போனது. போன தடவை வேறொரு குழுவோடு போனபோது அப்படித்தான் போட்டார். திரும்பி வந்தபோது பெட்டிக்கு மேலே ஒரு கீறல் இல்லை. திறந்து பார்த்தால் செல்லோவின் கழுத்து முறிந்து, கம்பிகளில் தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது உள்ளே இருப்பது கடன் வாங்கி வாங்கியது, தவணை இன்னும் முடியவில்லை. அவர் தன் செருப்பைப் பார்த்தபடி நின்றார். நல்ல மனுஷன்தான். நல்ல மனுஷனுக்கும் அந்த நேரத்தில் வாய் திறக்க வரவில்லை.

மேனேஜர் பெட்டிக்காரரின் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனார்.

"நீங்களே சொல்லுங்க. வாசிக்கிறவங்க யாரையாவது விட்டுட்டுப் போக முடியுமா?"

"இல்லைங்க சார். வீட்டுல ஆஸ்பத்திரி விஷயம் உங்ககிட்ட சொல்லியிருந்தேன்."

"தெரியும், தெரியாம இல்ல. அங்க எறங்கினதும் என் தம்பியை ஆஸ்பத்திரிக்கு அனுப்புறேன்."

"சொந்த ஆளுதான் இருக்கணுமாம் சார்."

வயலின் பெண் இதற்குள் பக்கத்தில் வந்துவிட்டாள். மேடையில் வாசிக்காதவர் இவர் மட்டும்தானா என்று அவள் கேட்கவில்லை. ஆனால் அவள் கண் மேனேஜர்மேல் போய் நின்றது. அதைத் தொடர்ந்து டிரம்ஸ்காரரின் கண்ணும் போனது. மேனேஜர் எந்த வாத்தியத்தையும் தொட்டதில்லை. மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு, விழாக்காரர்களிடம் பணம் பேசி வாங்கவேண்டியது தான்தான், தான் இல்லாவிட்டால் ஒருத்தருக்கும் சம்பளம் இல்லை என்றார். எல்லாக் கண்களும் தரைக்கு வந்தன.

பெட்டிக்காரர் வாழ்நாளில் முதல் தடவையாக எதிர்த்துப் பேசினார். டிக்கெட் தன் பெயரில்தானே இருக்கிறது என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

"இருக்குதுதான். போங்க, யாரு வேணாங்கிறா?" என்றார் மேனேஜர். "பெட்டி அடியில போகட்டும். ஒடைஞ்சா? அது ஒடையாம பாத்துக்கிறதுக்குத்தானே உங்களுக்குச் சம்பளம்?"

கவுண்டருக்குப் பின்னால் பைகள் ஒவ்வொன்றாக ரப்பர் திரைக்குள் நுழைந்து மறைந்துகொண்டிருந்தன. அந்தப் பக்கம் தொப்பென்று விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒவ்வொரு தொப்புக்கும் பெட்டியின் மேல் இருந்த பெட்டிக்காரரின் கை ஒருமுறை இறுகியது.

"சரிங்க சார்" என்றார்.

கவுண்டர் பெண் உள்ளே போய் யாரையோ கேட்டு வந்தாள். இடத்தைப் பெட்டிக்கு மாற்றிவிடலாம், செல்லோ சார் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும். பெட்டிக்காரரின் பெயரை அடித்துவிட்டுப் புதுச் சீட்டு ஒன்று அச்சடித்தாள். அதைக் கொடுக்கும்போது அவள் இவர் முகத்தைப் பார்க்காமல் செல்லோ சாரிடம் நீட்டினாள். செல்லோ சார் பையைத் திறந்து கையில் வந்ததை எடுத்துப் பெட்டிக்காரரின் சட்டைப்பையில் திணித்தார். "பஸ்ஸுக்கு" என்றார்.

பாதுகாப்புச் சோதனை வரைக்கும்கூட இவரை விட மாட்டார்கள். அதனால் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்று, செய்ய வேண்டியதை வயலின் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்தார். பெட்டியைத் தலைகீழாக நிறுத்தக் கூடாது. பெல்ட்டைக் கைப்பிடிக்குள் விட்டு இழுக்க வேண்டும், வெறுமனே மேலே சுற்றினால் வளைவில் நழுவும். விமானத்தில் வளைவு வருமா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. இருந்தாலும் சொல்லி வைத்தார். பிறகு தன் கழுத்தில் கிடந்த கம்பளித் துண்டை எடுத்து நாலாக மடித்தார். கழுத்துப் பக்கம் ஜன்னலில் இடிக்கும், இதை இடையில் கொடு என்றார்.

"உங்களுக்குக் குளிருமேண்ணே. பஸ்ஸுல ராத்திரி முழுக்கப் போகணும்."

"எனக்கென்னம்மா. கழுத்து முறிஞ்சா ஒட்ட வைக்கவா முடியும்?"

அவள் துண்டை வாங்கிக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செல்லோ சார் பெட்டியைத் தோளில் மாட்டத் தெரியாமல் இரண்டு தடவை தடுமாறினார். பெட்டிக்காரரின் கை இந்தப் பக்கம் தூக்கப் போய், கண்ணாடியில் பட்டு நின்றது.

பேருந்து நிலையத்துக்கு நடந்தே போனார். தோள் லேசாக இருந்தது, அந்த லேசு அவருக்குப் பிடிக்கவில்லை. ஊருக்குப் போகிற பேருந்தில் கூட்டம் இல்லை. கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்தபோது போனில் ஒரு படம் வந்தது. வயலின் பெண் அனுப்பியிருந்தாள். ஜன்னல் ஓரத்தில் பெட்டி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. பெல்ட் கைப்பிடிக்குள் போயிருந்தது, சொன்னபடியே. கழுத்தில் அவருடைய துண்டு. ஜன்னலுக்கு வெளியே விமானத்தின் இறக்கையும் நல்ல வெயிலும் தெரிந்தன. பெட்டிக்கும் குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள் அண்ணே என்று கீழே எழுதியிருந்தாள். சிரிக்கட்டும் என்றுதான் எழுதியிருப்பாள் பாவம்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷம் தூக்கிச் சுமந்த அந்தப் பெட்டியின்மேல் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே போயும் விட்டது. மரத்தின்மேல் கோபப்பட்டு என்ன ஆகப் போகிறது?

பேருந்து புறப்பட்ட பிறகு மனைவி கூப்பிட்டாள்.

"ஏறி உக்காந்துட்டீங்களா? ஜன்னல் ஓரந்தானே?"

நடந்ததைச் சொன்னார். நாளை மத்தியானம்தான் வந்து சேருவேன் என்பதையும் சொன்னார். ஆஸ்பத்திரி ஒலிபெருக்கியில் யாருடைய பெயரையோ கூப்பிடுவது மட்டும் கேட்டது. பிறகு அவள், இருங்க, கேட்டுட்டு வரேன் என்று போனைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டுப் போனாள். பக்கத்து வீட்டுக்காரிக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை, சாப்பிட்டீங்களா அண்ணே என்று கேட்டாள். இவர் சாப்பிட்டேன் என்று பொய் சொன்னார்.

மனைவி திரும்பி வந்தாள். அவள் கோபப்பட்டிருந்தால் இவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"ஆள் இல்லன்னா சேக்க மாட்டாங்களாம். நமக்கு அடுத்து இருந்தவங்களுக்குக் கட்டில் குடுத்துட்டாங்க. அடுத்த மாசம் வந்து பேர் குடுக்கச் சொன்னாங்க."

"வலி எப்படி இருக்கு?"

"அது இருக்கு. அது எங்க போகப் போவுது? நீங்க பாத்து வாங்க."

போனைச் சட்டைப்பையில் போட்டார். அங்கே செல்லோ சார் திணித்த நோட்டுகள் கசங்கிக் கிடந்தன. அவற்றை எடுத்துப் பார்க்கவும் அவருக்கு மனம் வரவில்லை.

டிக்கெட் கொடுத்துக்கொண்டே வந்த கண்டக்டர் அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"பெரியவரே, ஏன் நுனியில தொங்கிட்டு வர்றீங்க? ஜன்னல் ஓரம் காலியாத்தானே கெடக்கு. யாரும் வராங்களா?"

"யாரும் இல்லைங்க."

"அப்ப நல்லா உள்ள தள்ளி உக்காருங்க. விழுந்து வெக்கப் போறீங்க."

சரி என்று தலையாட்டினார். கண்டக்டர் முன்னால் போனார். இவர் நகரவில்லை; நகர வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. ஒரு பக்கத்து இடுப்பு இருக்கையின் நுனியில் இருந்தது, கால் வழியில் மடங்கியிருந்தது. ஊரெல்லை தாண்டி முதல் பெரிய வளைவில் பேருந்து சாய்ந்தபோது, அவர் கை தானாக நீண்டு, பக்கத்தில் காலியாக இருந்த ஜன்னலோர இடத்தை விழாமல் அணைத்துப் பிடித்தது.