மூடாத கழுத்து

அந்த அருங்காட்சியகத்துக்கு இயக்குநராக வந்த நாளிலிருந்து அவள் ஒரே வேலையாகத்தான் இருந்தாள். நிலவறையில் தூசி தின்றுகொண்டிருந்த பெண் ஓவியர்களின் படங்களைத் துடைத்து மேலே ஏற்றினாள். ஒவ்வொரு படத்துக்கும் நிர்வாகக் குழுவோடு மல்லுக்கட்டினாள். குழு என்று பேர் வைத்துவிட்டால் போதும், அநியாயம் செய்தவன் எவன் என்று கையில் அகப்படவே மாட்டான்.

கடைசியில் வினை வந்தது ஒரே ஒரு படத்தால். நடுவயதுப் பெண் ஒருத்தி நேரே பார்க்கிறாள். கீழே அட்டையில் ‘ஓவியரின் மனைவி’ என்று இருந்தது. குழுத் தலைவரின் அப்பா செத்துப்போன பெரிய ஓவியர். நடுக்கூடம் முழுக்க அவர் படங்கள்தான். அவற்றோடு தொங்கிய இதுவும் அவர் வரைந்தது என்று ஊரே நம்பியது. அந்த மனைவி உயிரோடுதான் இருந்தாள், ஆனால் அவளிடம் ஒருவனும் கேட்டதில்லை. இயக்குநர் போய்க் கேட்டாள்.

“அதுவா? கண்ணாடி முன்னாடி உக்காந்து நானே வரைஞ்சதும்மா” என்றாள் கிழவி.

இயக்குநர் அட்டையைக் கழற்றி எறிந்தாள். கிழவியின் பேரைப் பித்தளைத் தகட்டில் வெட்டி, சுவரில் திருகாணி போட்டு முடுக்கினாள். தலைவர் மூச்சிரைக்க வந்தார்.

“அம்மாவுக்கு ஞாபகம் தப்பிப் போச்சு மேடம். எங்கப்பா பேர்ல கை வைக்காதீங்க.”

“அவங்க தெளிவாத்தான் பேசுறாங்க சார்.”

“நாளைக்குப் புதுப்பிச்ச நடுக்கூடத்துக்குத் திறப்பு விழா. அதுக்குள்ள தகடு போகணும். இல்லேன்னா நீங்க போகணும்.”

பெற்றவளைப் பைத்தியமாக்கி அப்பன் பேரைக் காப்பாற்றுகிற பிள்ளை. இயக்குநர் தகட்டைத் தொடவில்லை. மறுநாள் தானே காரை எடுத்துக்கொண்டு போய்க் கிழவியை அழைத்து வந்து முன்வரிசையில் உட்காரவைத்தாள்.

தலைவர் மைக்கைப் பிடித்து, “இந்தக் கூடத்துல இருக்கறதெல்லாம் எங்கப்பா கைவண்ணம்” என்று ஆரம்பித்தார். கிழவி கைத்தடியால் தரையைத் தட்டினாள்.

“டேய், உங்கப்பாவுக்குக் கழுத்து வரைய வராதுடா.”

கூட்டம் சிரித்தது.

“சிரிக்காம சுத்திப் பாருங்க. கோட்டு காலர், சால்வை, துண்டுன்னு எல்லார் கழுத்தையும் எதையாவது போட்டு மூடியிருப்பார். ஆத்துல குளிக்கறவன் கழுத்துலகூட துண்டு.”

தலைகள் திரும்பின. அவள் சொன்னது அப்படியே இருந்தது. கூடத்திலேயே மூடாத கழுத்து கிழவியின் படத்தில் இருந்தது ஒன்றுதான். அதில் பச்சை நரம்புகூடத் தெரிந்தது.

“அம்மா, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்.”

“வீட்டுலதானடா காலம்பூரா பேசிக்கலாம்னீங்க.”

மறுவாரம் குழு கூடியது. தகட்டை எடுத்தால் இனி ஊர் சிரிக்கும் என்று விட்டுவைத்தார்கள். ஆளை எடுத்தால் எவன் கேட்கப்போகிறான்? வாசல் பலகையில் அறிவிப்பு ஒட்டினார்கள்: ‘இயக்குநர் குடும்பக் காரணங்களால் விலகியுள்ளார்.’

அவள் பெட்டியோடு வெளியே வந்தபோது காவலாளி அதைப் படித்துக்கொண்டிருந்தார்.

“வீட்டுல ஏதும் பிரச்சினையா மேடம்?”

“ஆமாண்ணே. எங்க வீட்டுல இல்ல, தலைவர் வீட்டுல.”