லாலாங் சாயும் பக்கம்

மலேசியாவில் எங்கள் தங்காக் ஊர்த் துணிக்கடைக்கு வருகிறவர்கள் ஒன்றை வேண்டாம் என்று சொல்வதற்கு மொத்தம் நான்கைந்து காரணங்கள்தான். விலை அதிகம், நிறம் எடுப்பாக இல்லை, மாமியாருக்குப் பிடிக்காது, சும்மா பார்க்கத்தான் வந்தோம். காளிதாஸ் அண்ணன் கடையில் பதினான்கு வருடம் நின்று என் கால் நரம்பே சுருண்டுவிட்டது. இத்தனை வருடத்தில் நான் கேட்காத ஒரு காரணத்தை சுபத்திரா வந்து சொன்னார்.

"ரொம்ப அழகா இருக்கு. வேணாம்."

அவர் கேட்டது கரடிப் பொம்மை தைக்கிற புசுபுசுத் துணி. நிறம் என்ன வேண்டும் என்றதற்கு, "ரெண்டு வாரம் மழை இல்லாம காஞ்ச லாலாங் புல்லு மாதிரி" என்றார். நான் கடையில் இருந்த தங்க நிறத்தைக் காட்டினேன். அழகாம். பழுப்பைக் காட்டினேன். அதுவும் அழகாம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அசிங்கமான துணி வேண்டும் என்றால் நேராகச் சொல்லலாமே, எதற்கு என் துணியைப் பாராட்டி அவமானப்படுத்த வேண்டும்?

"எதுக்குங்க இது?"

"மேட்டுக்கு."

குளுவாங்கில் ஒரு பல் மருத்துவரிடம் வேலை பார்க்கிறவர் அவர். வாரத்தில் ஐந்து நாள் பொய்ப் பல் கட்டுவார், மிச்ச இரண்டு நாள் பொய் மலை கட்டுவார். மீன் பெட்டித் தெர்மாகோலை அறுத்து மலை, பல் அச்சு எடுக்கிற மாவில் பாறை, ரோட்டோரச் செம்மண்ணைச் சலித்து எறும்பு சாக அடுப்பில் வறுத்து நிலம். அதன் மேல் நிற்கிற மனிதன் என் சுண்டுவிரல் நகத்தளவுதான் இருப்பான். ஜோகூர் பாருவில் நடக்கும் கண்காட்சிக்கு ஒவ்வொரு வருடமும் ஒரு மேஜை அளவு நிலம் செய்துகொண்டு போகிறாராம். இந்த வருடம் லாயாங் லாயாங் பக்கத்தில், ரயில் பாதை ஓரத்து மேடு.

"அங்க பார்க்க என்னங்க இருக்கு?" என்றேன்.

"ஒண்ணும் இல்ல. அதான் அழகு" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியை நீட்டினார். லாலாங், செம்மண் வெட்டு, ஒரு மாடு. மேட்டின் வளைவு எப்படி, மழை ஓடிய தடம் எங்கே, புல் எங்கே அடர்த்தி என்று கால் மணி நேரம் எனக்கு விளக்கினார். நானும் முதன்முதலாகக் கேட்கிறவன் மாதிரி தலையாட்டினேன்.

அங்கேதான் நான் பிறந்தேன். அந்த மேட்டுக்குப் பின்னால் இருந்த ரப்பர்த் தோட்டத்து லயத்து வீட்டில். அதை ஏன் சொல்லவில்லை என்றால், அவர் பேசுகிற படித்த பேச்சு, அவர் அப்பா அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர் என்று போகிற போக்கில் சொன்னது எல்லாம் சேர்ந்து என் வாயைக் கட்டிவிட்டன. சிலோன் தமிழ்க் குடும்பம், படிப்பும் உத்தியோகமும் உள்ளவர்கள். நானோ ரப்பர் மரத்தில் பால் வெட்டியவரின் மகன். துணி விற்கிறவனாகவே இருந்துவிட்டுப் போவோம் என்று நினைத்தேன்.

அப்புறம் மூன்று முறை வந்தார். காளிதாஸ் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. விற்காமல் கிடந்த துணியை எல்லாம் தேடி வந்து ஒருவர் வாங்குகிறார் என்றால் சும்மாவா? "அந்தப் பொண்ணு வந்தா ஸ்டோரத் திறந்து விட்டுடு லா" என்று எனக்கு உத்தரவு. மூன்றாம் முறை, ஸ்டோரின் அடியில் எலி படுத்த மாதிரி கிடந்த ஒரு சாம்பல் பழுப்பை இழுத்தேன். சுபத்திரா அதை வெயிலில் பிடித்துப் பார்த்தார். "இதுதான்!" என்றார். அன்று அவர் முகம் இருந்த இருப்பில் எனக்குப் பட்டுச் சேலை விற்ற மகிழ்ச்சி எல்லாம் அற்பமாகப் போயிற்று. எனக்கு அவரைப் பிடித்திருந்தது. முப்பத்தேழு வயதில் இதை ஒளித்து மறைத்துச் சொல்ல என்ன இருக்கிறது? பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

கண்காட்சிக்கு எட்டு நாள் இருக்கையில் சுபத்திராவிடமிருந்து போன் வந்தது.

"வசந்தன், மேடு செத்த மாதிரி இருக்கு. நல்ல துணிதானே குடுத்தீங்க?"

துணியைக் குறை சொன்னால் எனக்குத் தாங்காது. அந்தச் சாக்கில் ஞாயிற்றுக்கிழமை லீவு போட்டு, அதே துணியில் அரை மீட்டர் கூடுதலாக எடுத்துக்கொண்டு, பழைய மைவி காரில் குளுவாங் போனேன். அரை மீட்டர் துணிக்கு இரண்டு மணி நேரப் பயணம். காளிதாஸ் அண்ணன் சிரித்தார்.

சுபத்திரா வீட்டுக் கூடத்தின் நடுவில், சாப்பாட்டு மேஜை மேல் இருந்தது எங்கள் ஊர். செம்மண் வெட்டு அப்படியே. வாயில் போட்டால் மண் ருசிக்கும் போல இருந்தது. ஆனால் மேட்டின் மேல் புல் மட்டும் பயந்துபோன பூனை முதுகு மாதிரி நின்றது. தடவிப் பார்த்தேன். கீழிருந்து மேலே தடவினால் வழுக்கியது, மேலிருந்து கீழே தடவினால் சொரசொரத்தது.

"தலைகீழா ஒட்டிட்டீங்க" என்றேன். "ரோமத்துணிக்குப் படிவு ஒண்ணு இருக்கு, ஒரே பக்கம்தான் சாயும். லாலாங் சரிவு இறங்கற பக்கம்தான் சாயணும். இது மேல ஏறுது."

"ஒட்டி முடிச்சாச்சே!"

"உரிங்க."

முறைத்தார். நானும் முறைத்தேன். அவர் மேட்டை முறைத்துவிட்டு உள்ளே போய் கத்தியும் வெந்நீரும் கொண்டுவந்தார். பழையதை உரித்து, மண் பெயர்ந்த இடத்துக்குப் பூச்சுப் பூசி, நான் கொண்டுபோன துணியைப் படிவு பார்த்து வெட்டி, பசை தடவி, வைத்தோம். சரிவில் துணி எழும்பி எழும்பி வந்தது. ஊசி குத்தினால் ஓட்டை தெரியுமாம். ஆகவே இருபது நிமிடம் கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். அவர் கைப்பேசியில் நேரம் வைத்தார். மேஜைக்கு அந்தப் பக்கம் அவர் இரண்டு கை, இந்தப் பக்கம் என் இரண்டு கை.

அப்போதுதான் அவர் அம்மா திலகம் வந்து எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருடைய மாச் சல்லடை செம்மண் சலிக்கப் போன கோபம் அவருக்கு ஏற்கெனவே இருந்தது.

"தம்பி, தேத்தண்ணி குடிப்பீங்களோ?"

"கை..." என்றேன்.

"ஓம், கை. சரி, இருங்கோ. தம்பிக்கு எந்த ஊர்?"

ஓட வழியில்லை. துணியை விட்டால் மேடு போய்விடும். தங்காக் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால் கண்ணெதிரே அந்த மேடே கிடக்க, அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு எனக்குப் பொய் வரவில்லை.

"லாயாங் லாயாங் அம்மா. இந்த மேட்டுக்குப் பின்னாடி எஸ்டேட். அப்பா பால் வெட்டினாரு."

சுபத்திரா தலையை நிமிர்த்தினார். திலகம் அம்மா மூக்குக்கண்ணாடியைச் சரி செய்தார். "அரை மீட்டர் துணி குடுக்கவோ தங்காக்கில இருந்து இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?"

"இல்லம்மா" என்றேன். நெஞ்சு அடித்த அடியில் மேடே ஆடியிருக்கும். "எனக்கு சுபத்திராவைப் பிடிச்சிருக்கு. அதுக்குத்தான் வந்தேன்."

 திலகம் அம்மா என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். கைப்பேசியைப் பார்த்தேன். இன்னும் பதினொரு நிமிடம். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான பதினொரு நிமிடம் இருந்ததில்லை.

"அங்கயே பொறந்தீங்களா?" என்றார் சுபத்திரா. குரல் சூடாக இருந்தது.

"ஆமா."

"கால் மணி நேரம் அந்த மேட்ட நான் உங்களுக்கு விளக்கினேன்."

"ஆமா."

"நின்னு கேட்டீங்க!"

"எஸ்டேட்டுன்னா நீங்க என்ன நினைப்பீங்களோன்னு..."

"என்ன நினைப்பேன்? வாய்க்கால் எந்தப் பக்கம் போகுதுன்னு கேட்டிருப்பேன்! ரெண்டு மாசமா ஒரு போட்டோவ வச்சுக்கிட்டு மண்டைய உடைச்சிக்கிட்டு இருக்கேன். அலமாக், அந்த ஊருக்காரரு என் முன்னாடியே நின்னு துணிய அளந்துக்கிட்டு இருந்திருக்காரு!"

அவர் கண் கலங்கியிருந்தது. கோபத்திலா, வேறெதிலா, எனக்குத் தெரியவில்லை. நான் கூச்சப்பட்டு ஒளித்த ஊரை இவர் வறுத்து, சலித்து, மேஜை மேல் வைத்துக் கொண்டாடிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"வாய்க்கால் இடது பக்கம்" என்றேன். "தண்டவாளத்துக்கும் மேட்டுக்கும் நடுவுல. மழை வந்தா காப்பி கலர்ல ஓடும்."

"அகலம்?"

"நான் சின்னப் பையனா இருக்கப்ப தாண்டிக் குதிப்பேன். பாதி நாள் விழுவேன்."

"எத்தனை வயசுல?"

"எட்டு."

எட்டு வயதுப் பையன் தாண்டுகிற தூரத்தை அவர் வாய்க்குள் கணக்குப் போட்டார். பிறகு லயத்துக்கு எந்தப் பக்கம் வழி, மாடு யாருடையது, மேட்டு உச்சியில் ஏன் புல் முளைக்கவில்லை என்று வரிசையாகக் கேட்டார். உச்சியில் நாங்கள் பந்து விளையாடித் தேய்த்துவிட்டோம் என்றேன். ஊரைப் பற்றி யாரும் என்னிடம் இவ்வளவு கேட்டதில்லை. பிடிச்சிருக்கு என்று நான் சொன்னதை மட்டும் அவர் தொடவே இல்லை.

மணி அடித்தது. இருவரும் மெதுவாகக் கையை எடுத்தோம். துணி எழும்பவில்லை. புல் சரிவோடு சாய்ந்து, காற்று இப்போதுதான் கடந்து போன மாதிரி கிடந்தது. 

"சனிக்கிழமை ஜேபி கண்காட்சிக்குத் தூக்கிட்டுப் போகணும்" என்றார், மேட்டைப் பார்த்தபடியே. "தனியா தூக்க முடியாது. வருஷா வருஷம் பக்கத்து வீட்டு கிருபானந்தன் அண்ணன்தான் மறுபக்கம் பிடிப்பாரு."

"சரி."

"இந்த வருஷம் வரவேணாம்னு அண்ணனுக்கு மெசேஜ் போடப் போறேன்." இப்போது என்னைப் பார்த்தார். "கடையில லீவு குடுப்பாங்களா?"

 குடுப்பாங்க என்று தலையை ஆட்டினேன்.

சமையலறையிலிருந்து திலகம் அம்மா குரல் கொடுத்தார். "தம்பி, சோறு போட்டாச்சு. அந்தப் பசைக் கையைக் கழுவிப்போட்டு வாங்கோ. மேசையில இடமில்ல, எல்லாரும் கீழதான் இருக்க வேணும்."

நான் குழாயடிக்கு ஓடினேன்.