கையொப்பத்துக்கு மட்டும் முதலாளி

எங்கள் அலுவலகத்தில் என்ன வேலை நடக்கிறது என்று என் கணவருக்குப் பலமுறை விளக்கியிருக்கிறேன். இப்போது அவர் கேட்பதையே விட்டுவிட்டார். விஷயம் இதுதான். வெளிநாட்டில் ஒரு நிறுவனம் இருக்கும். அதற்கு இங்கே கிளை கிடையாது, பதிவு கிடையாது, ஒரு பெயர்ப்பலகைகூடக் கிடையாது. ஆனால் இங்கே உட்கார்ந்து வேலை செய்ய ஓர் ஆள் வேண்டும். ஆளை அவர்களே பேசித் தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள். சட்டப்படி அந்த ஆளுக்கு இங்கே ஒரு முதலாளி இருக்க வேண்டுமல்லவா, அது நாங்கள். நியமன உத்தரவு, சம்பளம், விடுப்பு, வரிப்பிடித்தம் எல்லாம் எங்கள் பெயரில் நடக்கும். வேலை சொல்வதும் திட்டுவதும் பாராட்டுவதும் அவர்கள் பாடு.

"பெத்தது அவங்க, பேரு வச்சது அவங்க, பள்ளிக்கூடத்துல கையெழுத்துப் போடுற அப்பா மட்டும் நாம" என்பார் எங்கள் கணக்காளர்.

ஆளை வேலையை விட்டு அனுப்ப வேண்டுமென்றாலும் கையெழுத்துப் போடுவது அந்த அப்பாதான்.

அன்று காலை அப்படியொரு கடிதம் என் கைப்பையில் இருந்தது. வெளிநாட்டுக் கட்டட நிறுவனம் ஒன்றுக்காக வீட்டிலிருந்தே வரைபடம் போடும் பெண்ணுக்கு உரியது அது. அலுவலகத்தில் அவளை வரைபடக்காரி என்றுதான் சொல்வோம். அவளை நான் நேரில் பார்த்ததில்லை. கடிதத்தைக் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கினால்தான் செல்லும் என்பது விதி. அலுவலகத்துக்கு வரச் சொல்லி எழுதினேன். வர இயலாது, மன்னிக்கவும், முடிந்தால் வீட்டுக்கு வாருங்கள் என்று பதில் போட்டாள். ஏதோ மோப்பம் பிடித்துவிட்டுச் சாக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

"போனோமா, குடுத்தோமா, வந்தோமான்னு இருக்கணும். உட்கார்ந்து கதை பேசாதீங்க" என்று மேலாளர் சொல்லி அனுப்பினார்.

பேருந்தில் கைப்பையை மடியில் வைத்தேன், பிறகு பக்கத்தில் வைத்தேன், மறுபடி மடிக்கே எடுத்துக்கொண்டேன். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று மனத்துக்குள் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தேன். இறங்கவேண்டிய நிறுத்தம் போய்விட்டது. அடுத்ததில் இறங்கித் திரும்பி நடந்தேன். தெருவின் ஒரு பக்கம் முழுக்கக் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பலகைமேல் கால் வைத்துத் தாண்டி, மின்தூக்கி இல்லாத கட்டடத்தில் மூச்சு வாங்க மேல்மாடி ஏறி மணியை அழுத்தினேன்.

கதவைத் திறந்த பெரியம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் படிக்கட்டை எட்டிப் பார்த்தார்.

"வாங்க வாங்க. நாற்காலி எங்க? கீழயே வச்சுட்டீங்களா?"

"நாற்காலியா?"

"ஆபீஸ்லேருந்து வர்றாங்கன்னு இவ சொன்னாளே!"

உள்ளேயிருந்து வரைபடக்காரி வந்தாள். தளர்ந்த உடை, கலைந்த முடி, நெற்றியில் பென்சில் கோடு. "அத்தை, முதல்ல அவங்களை உட்காரச் சொல்லுங்க" என்றாள்.

உட்கார்ந்தேன். அவளுடைய மாமியார் எனக்கு எதிரே, நான் தப்பி ஓடாதபடி உட்கார்ந்தார்.

"அப்ப நீங்கதான் இவளோட முதலாளியா?"

"நான் முதலாளி இல்லைங்கம்மா. அந்த ஆபீஸ்ல வேலை பார்க்கிறேன்."

"கையெழுத்துப் போடுறது?"

"நான்தான்."

"அப்புறம் என்ன! ஒரு முதலாளியைக் கண்ணால பார்த்துட்டேன். மீட்டிங் மீட்டிங்னு கதவைச் சாத்திக்குவா. உள்ள யாருகிட்ட பேசுறா, எவன் சம்பளம் குடுக்கிறான், ஒண்ணும் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரி கேட்டா நான் முழிப்பேன். கம்ப்யூட்டர்ல வீடு கட்டுறான்னு சொன்னா, எங்க கட்டியிருக்கா காட்டுங்கறா."

வரைபடக்காரி சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. பையின் வாயைத் திறந்தேன். கைப்பேசி உள்ளே துடித்தது. மேலாளர்தான். எடுக்கவில்லை.

"வந்ததுதான் வந்தீங்க, ஒண்ணு சொல்றேன்" என்றார் மாமியார். "வேலையைக் கொஞ்சம் குறைச்சுக் குடுங்கம்மா. வாயும் வயிறுமா இருக்கா. படி இறங்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

பைக்குள் போன என் கை அங்கேயே நின்றது.

"ஐயோ அத்தை, அதெல்லாம் அவங்களுக்கு எப்பவோ தெரியும்!"

"தெரியாது" என்றேன்.

வரைபடக்காரி என்னை விநோதமாகப் பார்த்தாள். "என்ன மேடம் சொல்றீங்க? எங்க டீம் தலைவர்கிட்ட அன்னிக்கே சொல்லிட்டேன். வாழ்த்தெல்லாம் சொன்னார். முதுகு வலிக்குதுன்னு நாற்காலி கேட்டதே அதுக்குத்தான். உங்ககிட்ட சொல்லி வாங்கித் தர்றதா சொன்னாரே."

நாற்காலிக்கான வேண்டுகோள் எனக்கு வந்திருந்தது உண்மை. முதுகைத் தாங்கும் நாற்காலி ஒன்று என்பதோடு அது நின்றுவிட்டது. ஏன், எதற்கு என்று ஒரு வரி இல்லை. பரிசீலனையில் உள்ளது என்று பதில் எழுதிவிட்டு நானும் மறந்துபோனேன். வேலை தருபவரிடம் சொன்னால் முதலாளியிடம் சொன்னதாகிவிடும் என்று அவள் நம்பியிருக்கிறாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் நம்புவார்கள்.

கைப்பேசி மறுபடி துடித்தது. இந்த முறை குறுஞ்செய்தி: 'குடுத்தாச்சா?'

கொடுத்துவிடலாம். பெரியம்மா பேசியது காதில் விழாததுபோல, மேலாளர் சொன்னபடி நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு படியிறங்கிவிடலாம். அவளைத் தவிர, நான் கேட்டதற்குச் சாட்சி அந்த அம்மாள் ஒருவர்தான். அவரும் இப்போது சமையலறையில் தேநீருக்குப் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தார். எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன்.

"நீங்க வேலை செய்யற அறையைக் காட்டுறீங்களா?" என்றேன்.

சின்ன அறை. இரண்டு திரைகளிலும் யாரோ ஒருவரின் மாடிப்படி பாதி வரைந்தபடி நின்றது. சாப்பாட்டு மேசை நாற்காலியில் தலையணையைத் துணியால் இழுத்துக் கட்டியிருந்தாள். நான் கதவைச் சாத்தினேன்.

"உங்களை வேலையை விட்டு எடுக்கச் சொல்லியிருக்காங்க."

"என்னையா? நேத்துகூட இந்தப் படிக்கட்டு பிரமாதம்னு சொன்னாரே மேடம். வேற யாருக்கோ வந்த கடிதமா இருக்கும்."

"உங்க பேருதான்."

"ஏன்?"

"ஆள் குறைப்புன்னு போட்டிருக்கு."

அவள் அதற்குமேல் என்னைக் கேட்கவில்லை. திரையில் தலைவரின் படத்தைத் தொட்டு அழைத்துவிட்டாள். இங்கே பிற்பகல், அங்கே காலை. உடனே எடுத்தார். உற்சாகமான குரல், உடம்பு எப்படியிருக்கிறது என்று விசாரித்தார். அவள் கேட்டதும் அந்தக் குரலில் இருந்த வெளிச்சம் அணைந்தது. இதைப் பற்றிப் பேசத் தனக்கு அனுமதி இல்லை என்றார், மிகவும் வருந்துவதாகச் சொன்னார், உங்கள் முதலாளியைத்தான் கேட்க வேண்டும் என்றார். என் முதலாளி நீங்கள்தானே என்று அவள் கேட்டாள். இல்லை என்று சொல்லி, எங்கள் நிறுவனத்தின் பெயரைத் தொலைபேசி எண்ணை ஒப்பிப்பதுபோல எழுத்தெழுத்தாகச் சொன்னார். அழைப்பு முடிந்தது.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"சொல்லுங்க. உங்களைத்தான் கேக்கணுமாம்."

இந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து யாரும் என்னை எதையும் இப்படிக் கேட்டதில்லை.

"கர்ப்பமா இருக்கிறது முதலாளிக்குத் தெரிஞ்சுட்டா, பிரசவம் முடியற வரைக்கும் வேலையை விட்டு அனுப்பக் கூடாதுங்கறது இங்க சட்டம். அவர்கிட்ட சொன்னது செல்லாது. எங்ககிட்ட சொல்லணும். கடிதம் உங்க கைக்கு வர்றதுக்கு முன்னாடி சொல்லியிருக்கணும்."

"அத்தை சொல்லிட்டாங்களே."

"உங்க எழுத்தில வேணும். இப்பவே எனக்கு மெயில் போடுங்க."

"கடிதம் பையிலயா இருக்கு?"

"ஆமா."

"ஒரு தடவை பார்க்கட்டுமா?"

"தொடாதீங்க. வாங்கின மாதிரி ஆயிடும்."

அவள் தட்டச்சு செய்தாள். மாடிப்படியை அவ்வளவு துல்லியமாக வரைந்த விரல்கள் இரண்டு வரி எழுதத் தடுமாறின. மருத்துவர் கொடுத்த சீட்டைப் படம் எடுத்து இணைக்கச் சொன்னேன். அதற்குள் மாமியார் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு தேநீரோடு வந்தார்.

"என்ன, ரெண்டு பேரும் ரகசியம்?"

"நான் கர்ப்பம்னு முதலாளிக்கு எழுதறேன் அத்தை."

"எதிர்லயே நிக்கிறாங்க, எழுதறியாக்கும்! நல்லாருக்குடி உங்க ஆபீஸ்."

மெயில் வந்துசேர்ந்தது. கிடைத்தது என்று நின்றபடியே பதில் போட்டேன். தேநீரைச் சூடாகவே குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

வாசல்வரை வந்த வரைபடக்காரி, மாமியாருக்குக் கேட்காதபடி, "நாளைக்கு எனக்கு வேலை குடுப்பாங்களா மேடம்?" என்றாள்.

"அது என் கையில இல்லை. உங்களை வேலையில வச்சிருக்கிறதுதான் என் கையில இருக்கு. அதுவும் இன்னிக்கு வரைக்கும்."

படியிறங்கும்போதே மேலாளரை அழைத்தேன்.

"கொடுக்கலை சார். அவங்க கர்ப்பம். எனக்கு எழுத்தில தெரிவிச்சுட்டாங்க."

"எழுத்திலயா? எப்போ?"

"இப்போ."

"நீங்க அங்க இருக்கும்போதா?" அவர் குரல் உயர்ந்தது. "யார் எழுதச் சொன்னது?"

"நான்தான் சார்."

"கேக்காத மாதிரி வந்திருக்கலாமேம்மா. அந்த வாடிக்கையாளர் போயிட்டா நம்ம நிலைமை என்னன்னு தெரியுமா? உங்க நிலைமை?"

"தெரியும் சார்."

"ஆபீஸ் வாங்க. பேசிக்கலாம்."

'பேசிக்கலாம்' என்று அவர் சொல்லக் கேட்ட பலர் இப்போது எங்கள் அலுவலகத்தில் இல்லை. பேருந்து நிறுத்தத்தில் உட்காரப் பிடிக்கவில்லை. முன்னும் பின்னும் நடந்தேன். பேருந்து கண்ணில் பட்ட நேரத்தில் வரைபடக்காரி அழைத்தாள்.

"மேடம், திரை ரெண்டும் அணைஞ்சுடுச்சு. உள்ளயே போக முடியலை. கடவுச்சொல் தப்புங்குது. படிக்கட்டை முடிக்கக்கூட விடலை." அழுகையைப் பல்லில் கடித்துக்கொண்டு பேசினாள். "அப்ப நான் வேலையில இருக்கேனா, இல்லையா?"

"இருக்கீங்க. தினமும் காலைல திறந்து பாருங்க. திறக்கலைன்னா, வேலைக்கு வந்தேன், உள்ள விடலைன்னு எனக்கு ஒரு வரி எழுதுங்க."

"எத்தனை நாளைக்கு?"

"அவங்களுக்குச் சலிச்சுப் போற வரைக்கும்."

"நீங்க அங்க இருப்பீங்களா?"

நெருங்கி வந்த பேருந்துக்குக் கையைக் காட்டினேன்.

"எழுதுங்க" என்றேன். "என் நாற்காலியில யார் உட்கார்ந்திருந்தாலும் அதை வாங்கித்தான் ஆகணும்."

பேருந்து கதவைத் திறந்தபடி காத்திருந்தது. மேலாளரின் அழைப்பு மறுபடி வந்தது. ஏறிக்கொண்டே எடுத்தேன்.