அழாத பிள்ளை

ஆபரேஷன் அறைக்கு வெளியே பெஞ்சில் இருந்த பிள்ளைகள் எல்லாம் அழுதுகொண்டிருந்தன. ராமாயியின் மடியில் மூன்று வயது வைரக்கண்ணு மட்டும் தூங்கினான். அவனுக்குக் குடலிறக்கம். நாலு மாதம் அலைந்து கிடைத்த தேதி இது. கூலிப் போராட்டத்தில் போலீஸ் பிடித்துப்போன புருஷன் தங்கையன் இன்னும் திருச்சி ஜெயிலில் இருந்தான். நன்னிலத்தில் முதல் பஸ் பிடித்து அவள்தான் தனியாகத் தூக்கி வந்திருந்தாள்.

பக்கத்தில் மகளை அடக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்த ஆனந்தவல்லி, "ஒங்க புள்ள என்னங்க, மிராசுதாராட்டம் தூங்குறான்?" என்றாள். ராமாயிக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நர்ஸ் கமருன்னிஸா தித்திப்பு மருந்து கொண்டுவந்தாள். உள்ளே தூக்கிப் போகும்போது பிள்ளைகள் பயந்து திமிறாமலிருக்க முன்னாலேயே கொடுப்பது. ஒவ்வொன்றும் அம்மா மடியிலேயே கண் சொருகும்வரை அவள் யாரையும் அவசரப்படுத்தவில்லை. வைரக்கண்ணுவிடம் வந்ததும் கன்னத்தைத் தட்டினாள். இமையைத் திறந்து பார்த்தாள்.

"காலையில என்னம்மா குடுத்தே?"

சோறு, கஞ்சி, தண்ணீர் கூடாது என்றுதான் சொல்லியிருந்தார்கள். தூங்குவதற்குக் கொடுப்பது அதில் சேருமென்று ராமாயிக்குத் தோன்றவில்லை. இப்போது பயம் வந்தது. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் ஆபரேஷன் இன்றைக்கே முடிந்துவிடும். ஆனால் கமருன்னிஸா தரையில் குந்தி, பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். ராமாயியிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"கசகசாவ அரைச்சு பால்ல குடுத்தேம்மா. நடவுக்குப் போறப்ப எப்பவும் குடுக்கறதுதான். வரப்புல புள்ள அழுதா, நாளைக்கு வராதேன்னுடுவாங்க."

உள்ளேயிருந்து வந்த டாக்டர் கத்தினார். வயிற்றில் பாலிருக்க மயக்கம் கொடுத்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்காது என்றார். சீட்டில் கோடு கிழித்தார். இனி அடுத்த தேதி தை கழிந்துதான்.

கமருன்னிஸா காலியாகக் கிடந்த ஒரு கட்டிலைக் காட்டினாள்.

"நீ மறைச்சிருந்தா நான் மருந்தக் குடுத்திருப்பேம்மா. ரெண்டும் சேந்தா புள்ளைக்கு மூச்சு நின்னுடும். இங்கயே படுக்கப் போடு. நல்லா முழிக்கிற வரைக்கும் எழுப்பிக்கிட்டே இரு. ஒன்ன யாரும் போகச் சொல்ல மாட்டாங்க."

ஆனந்தவல்லியின் மகளை உள்ளே தூக்கிப் போனார்கள். கதவு மூடியது.

ராமாயி மகனின் உள்ளங்காலைச் சுண்டினாள். பேர் சொல்லிக் கூப்பிட்டாள். மறுபடியும் சுண்டினாள். வெகுநேரம் கழித்து அவன் பாதிக் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். அழுவதற்கு வாய் கோணியது. சத்தம் வரவில்லை.