மீன்குடல் வாளியும் மூவாயிரம் நாரையும்

"அந்த வாளிய என் மூஞ்சிக்கு நேரா நீட்டாதே! நான் உன் அக்கா புருஷன்!"

"அதனாலதான் அத்தான், இன்னும் உங்க தலையில கவுக்காம நிக்கிறேன்!"

மாடி வீட்டில் இப்படிச் சத்தம் வந்தால் கீழ்வீட்டில் இருப்புக் கொள்ளுமா? துணி காயப்போடும் சாக்கில் படியேறினேன். வாசலிலேயே குமட்டிக்கொண்டு வந்தது. வாளி நிறைய அழுகிய மீன்குடல், அதன்மேல் ஈப்படை.

அத்தானும் மச்சினியும் ஒரே அலுவலகம். அவர் ஏரியின் பல மூலைகளில் நின்று நாரைகளை எண்ணி வருவார். அவள் அதைக் கம்ப்யூட்டரில் போட்டு, ஏரி முழுக்க எத்தனை, வருங்காலத்தில் பெருகுமா குறையுமா என்று கணக்கு மாடல் கட்டுவாள். அத்தான் துரைக்குச் சேற்றில் கால் வைக்க ஆகாது. காரை நிறுத்திக் குடலை வீசுவார், நாரையெல்லாம் காலடிக்கு வரும், எண்ணிக்கொள்வார். மறுநாள் அடுத்த மூலை. அதே வாளி, அதே நாரைகள்!

"முந்நூறு நாரைய மூவாயிரம்னு காட்டுது என் மாடல். இத நம்பி, நாரைதான் பெருகிக் கிடக்கே, பாதி ஏரி போதும்னு மீதியத் தூர்க்க நாளைக்குக் கையெழுத்துப் போடப் போறாங்க!"

"போடட்டுமே. நாரை உனக்கு மாமனா மச்சானா?"

அக்காக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். "அவருக்குப் பிரமோஷன் வர்ற நேரம்டி. வாய மூடிக்கிட்டு இரேன்."

"நீ மூக்க மூடிக்கிட்ட மாதிரியாக்கா?"

மறுநாள் மச்சினி வாளியோடு போய் அலுவலகக் கூட்டத்தில் நின்றாளாம். பெரிய அதிகாரி கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு, "நம்பர் நல்லாத்தானேம்மா இருக்கு? வாளிய மட்டும் வெளிய வைங்க" என்றாராம். கைக்குட்டையை எடுக்காமலே கையெழுத்தும் போட்டாராம். அலுவலகக் கார் டிரைவர் என்னிடம் சொன்னது இது. சொல்லும்போது அவன் கண் கலங்கியது நாரைக்காக மட்டும் இல்லை என்று எனக்கு அப்போதே பட்டது.

பட்டது சரிதான். அவள் வேலையை விட்டுவிட்டு அந்த டிரைவரைக் கட்டிக்கொண்டு வெளியூர் போய்விட்டாள். கல்யாணத்துக்கு அக்காள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அத்தானுக்குப் பிரமோஷன் கிடைத்தது. ஏரியைத் தூர்த்த இடத்தில் எழும்பிய அடுக்குமாடியில் வீடு வாங்கி, அவர்களும் காலி செய்துவிட்டார்கள். கட்டில், பீரோ, கிழிந்த மிதியடி வரை பார்த்துப் பார்த்து ஏற்றினார்கள். அந்த வாளியை மட்டும் எங்கள் படிக்கட்டுக்கு அடியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், த்தூ!