கொப்பாட்டியின் நெற்றி

கேதீஸ்வரி படச் சட்டத்தைச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தபோது முதலில் கண்ணில் பட்டது பொட்டுத்தான். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக வெறும் நெற்றியோடு இருந்த கொப்பாட்டிக்கு ஒரு கிழமைக்குள் பொட்டும் வந்துவிட்டது, மூக்குத்தியும் வந்துவிட்டது.

மிஷன் பள்ளிக்கூடத்துப் பாதிரியின் மனைவி பென்சிலால் கீறிய படம் அது. கிரேக்கச் சிலைகளைப் பார்த்துக் கீறப் பழகியவள், புத்தூர்த் தோட்டக்காரப் பெட்டையையும் சிலையாகவே கீறிவிட்டாள். பக்கவாட்டு முகம், நெற்றியிலிருந்து மூக்கு நுனிவரை ஒரே கோடு, நிழல் இல்லை, நகை இல்லை. சித்திரம் படிப்பிக்கும் கேதீஸ்வரிக்குக் கை பழகியதே அந்தக் கோட்டைப் பார்த்துத்தான். யார் கேட்டும் படத்தை வெளியே விடாதவள், அண்ணன் செல்வநாயகத்துக்கு மட்டும் கொடுத்தாள். கோயில் கும்பாபிஷேக மலரில் போட, போட்டோ எடுத்துவிட்டுத் தருகிறேன் என்றார். நம்ப நட, நம்பி நடவாதே என்று சும்மாவா சொன்னார்கள்.

அவள் போன் எடுத்தாள்.

"அண்ணை, படத்திலை ஏன் கை வைச்சனீங்கள்?"

"பொட்டில்லாமல் கோயில் மலரிலை போடேலுமே, பிள்ளை? வேதக்காரி, கிறிஸ்தவத்துக்கு மாறினவள் எண்டு ஊர் கதைக்கும். அந்த வெள்ளைக்காரி கீறாமல் விட்டது. நாங்கள் வைச்சம்."

"பிரதியிலை கீறியிருக்கலாமே."

"அசலிலை இருந்தால்தான் நாளைக்கு ஒருத்தரும் கேள்வி கேக்காயினம்."

போனை வைத்தாள். அழித்துவிடலாம் என்று பார்த்தால், அப்பளம் போன்ற அந்தத் தாளில் றப்பர் பட்டால் பழைய கோடும் சேர்ந்து போய்விடும். படத்தை வெளிச்சத்தில் பிடித்தாள்.

பொட்டு வட்டமாக இல்லை. பக்கவாட்டு நெற்றியின் ஓரத்தில் எவ்வளவு தெரியவேண்டுமோ அவ்வளவுதான் தெரிந்தது. அழுத்தம் இல்லாத, பென்சிலை எடுக்காமல் இழுத்த கோடு. அண்ணனுக்கு ஒரு வாழைப்பழம்கூடக் கீற வராது. இப்படி இழுக்க ஒருத்திக்குத்தான் அவள் கை பிடித்துப் பழக்கியிருந்தாள்.

மகள் நிவேதனா அறை வாசலில் நின்றாள்.

"மாமா கேட்டவர் அம்மா. உங்களைக் கேட்டால் விடமாட்டியள் எண்டு எனக்குத் தெரியும்."

அண்ணன்மேல் வந்தது கோபம். இது வேறு.

மகள் கிட்ட வந்து படத்தை எட்டிப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து கீறியதையெல்லாம் கொண்டுவந்து காட்டிக் கேட்பதைப் போலவே கேட்டாள்.

"சரியா வந்திருக்கோ?"

ஒரு பிழையாவது இருக்காதா என்று தேடிப் பார்த்தாள் கேதீஸ்வரி. ஒன்றும் அகப்படவில்லை.

"ஓம், சரியாத்தான் வந்திருக்கு," என்றாள். "இனிமேல் கீறுறது ஒண்டையும் என்னட்டைக் கொண்டந்து காட்டாதை."